பூட்டிக் கிடக்கும் வீடுகளும் பூட்டிக் கிடக்கும் பேனாக்களும்

"வீடில்லாப் பிரச்சினை எல்லாம் பத்திரிகைக்காரர் எழுத வேண்டிய விடயம். இலக்கியச் சஞ்சிகையில் அதற்கென்ன வேலை?" என்று எமது வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் மீது எனக்குள்ள மரியாதை இம்மியும் குறையவில்லை. ஆனால் அவரது கேள்விக்கு என்னிடம் ஒரு எதிர்க்கேள்வி உண்டு. 2005 ஆம் ஆண்டில் எமது கரையோர ஊர்களில் சுனாமியைப் பாடாத கவிஞர் எவராவது இருந்தாரா? கடலைச் சபித்தார்கள், அலையை அரக்கியாக்கினார்கள், தொகுதிகள் போட்டார்கள், வெளியீட்டு விழாக்களில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த அலையில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டி முடிக்கப்பட்ட 500 வீடுகள் நுரைச்சோலையில் பூட்டிக் கிடந்தபோது அதே பேனாக்களில் பெரும்பாலானவை எழுதவில்லை. அலை கவிதைக்குரியது, பூட்டு கவிதைக்குரியதல்ல என்று தீர்மானித்தவர் யார்?

எனது வாதம் எளிமையானது. கூரையின்றித் தவிக்கும் குடும்பங்கள் உள்ள பிரதேசத்தில், குடியிருக்கத் தக்க கட்டிடம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடப்பதை நிருவாகத் தாமதம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது அநீதி. புதிய அத்திவாரக்கல் நடுவதற்கு முன் பழைய பூட்டைத் திறக்க வேண்டும். அத்திவாரக்கல்லுக்குப் படம் பிடிக்க ஆள் வரும், பூட்டைத் திறப்பதற்கு வருவதில்லை. எமது வீடமைப்பு அரசியலின் பாதிக் கதை இதற்குள் அடங்கிவிடும்.

முதலில் வீடில்லாதவர் யார் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. எமது ஊர்களில் நடைபாதையில் படுத்துறங்குவோர் மிகக் குறைவு. அதனால் "எங்கட ஊரில வீடில்லாத ஆள் யாரு?" என்று மார்தட்டுவோர் உண்டு. இது கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. மூத்த மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டுக் குடியிருக்கும் தாயும் தகப்பனும் வீடில்லாதவர்களே. புருஷன் கைவிட்டுப் போன பின் மூன்று பிள்ளைகளோடு தங்கச்சியின் குசினியில் பாய் விரிப்பவள் வீடில்லாதவளே. அட்வான்ஸ் கட்ட முடியாமல் வருடத்துக்கு ஒரு வாடகை வீடு மாறும் கூலித் தொழிலாளியும் வீடில்லாதவனே. இவர்கள் தெருவில் நிற்காததற்குக் காரணம் உறவுகளின் பொறுமை மட்டும்தான். ஒரு அறைக்குள் மூன்று குடும்பம் ஒடுங்குவதை நாம் குடும்பப் பாசம் என்று பெயரிட்டு மறைத்துவிடுகிறோம்.

இனி நுரைச்சோலைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பலி கொடுத்த மாவட்டம் அம்பாறை. இறந்தோர் 10,000 இற்கும் மேல். கரையோரத்தில் ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் களப்பும். இடையே நாடா போன்ற நிலத்தில் நெருங்கிக் கட்டிய வீடுகள். அலை வந்து போன பின் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றது அரசாங்கம். தெற்கிலும் மேற்கிலும் அந்தத் தூரம் 100 மீற்றர். அலை அழித்த நிலத்தில் பெரும்பகுதியைச் சுற்றறிக்கையும் அழித்தது. பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் மக்கள் உள்நாட்டுக் காணிகளை நோக்கித் தள்ளப்பட்டிருந்தனர்.

அப்படித் தெரிவானதே அக்கரைப்பற்றுப் பிரதேசத்து நுரைச்சோலை. பேரியல் அஷ்ரப் அவர்கள் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்து முயற்சியினால் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் எழும்பின. அவற்றோடு பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை என ஒரு ஊருக்கு வேண்டிய சகலதும் அங்கே வந்தன. மனிதர்கள் மட்டும் வரவில்லை. ஜாதிக ஹெல உறுமய தரப்பினர் உயர் நீதிமன்றம் சென்றனர். தீகவாபிப் புனித பூமியை அண்டிய காணி என்ற வாதமும், ஒரு இனத்தாருக்கு மாத்திரம் வீடுகள் போகின்றன என்ற வாதமும் முன்வைக்கப்பட்டன. முஸ்லிம்களுக்கு மட்டும் என்ற பகிர்வு செல்லாது, நாட்டின் இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்றானது. அதன் பின் எவருக்கும் பகிரப்படவில்லை. 2024 டிசம்பரில் சுனாமியின் 20 ஆவது ஆண்டு நினைவுகூரப்பட்டபோதும் அவ்வீடுகளில் அடுப்பெரியவில்லை. காடு மண்டிக் கதவு நிலைகள் களவு போனதே மிச்சம்.

இங்கே சிலர் நான் இனவாதம் பேசுவதாகச் சொல்லக்கூடும். ஆகவே பிசகின்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த 500 வீடுகளும் முஸ்லிம்களுக்கு மட்டுமே போக வேண்டும் என்பது எனது கோரிக்கையல்ல. வீடிழந்த தமிழ்ச் சகோதரரும் சிங்களச் சகோதரரும் அங்கே குடியேறுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. எனது ஆட்சேபம் அளவுகோலைப் பற்றியது. கடல் குடிசன மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் வரவில்லை. நாடு முழுவதற்குமான விகிதாசாரத்தை ஒரு பிரதேசத்தின் இழப்பின் மீது வைத்து அளந்தால் கணக்கு எப்படிச் சரிவரும்? வீட்டை இழந்தவருக்கு வீடு என்பதுதான் அளவுகோலாக இருந்திருக்க வேண்டும். அந்த அளவுகோலில் யார் யார் எத்தனை பேர் வந்தாலும் அது நீதியே.

அதைவிட முக்கியமானது இது: ஒரு வீடு யாருக்கு என்ற தகராறு தீரும் வரை அதை எவருக்கும் கொடுக்காமல் விடுவது நடுநிலை அல்ல. தகராறு தீரும் வரை தற்காலிகக் குடியிருப்பு அனுமதி வழங்கியிருக்கலாம். மாத வாடகைக்கு அரசே விட்டிருக்கலாம். உரித்துக்கும் பாவனைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை எந்தக் காணி உத்தியோகத்தரும் அறிவார். உரித்தைப் பற்றிச் சண்டையிட்டபடியே பாவனையை அனுமதிக்க முடியும். ஆனால் அந்த வழி எவருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. எமது அரசியல்வாதிகளுக்கும்தான். பூட்டிய வீடு ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் பேச உதவும். திறந்த வீட்டை ஒருமுறைதான் பேசலாம். நாளை அந்த வீடுகள் திறக்கப்பட்டு மாலை மரியாதைகள் நடந்தாலும், தகரக் கொட்டிலில் கழிந்த வருடங்களை எந்தச் சாவியும் திருப்பித் தராது. வீடு கிடைக்குமென்று காத்திருந்து மௌத்தாகிப் போனவர்களுக்கு எந்த விகிதாசாரம்?

நுரைச்சோலை மட்டும்தானா? மருதமுனை 65 மீற்றர் வீட்டுத்திட்டத்திலும் ஒரு பகுதி வீடுகள் ஆண்டுக்கணக்கில் கையளிக்கப்படாமல் கிடந்தன. அங்கே புனித பூமி என்ற தகராறு இல்லை. ஆகவே எல்லாப் பழியையும் பேரினவாதத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது.

"அவை பழுதாகிவிட்டன, திருத்தும் செலவுக்குப் புதிதாகவே கட்டலாம்" என்பார்கள். வீடு ஏன் பழுதாகிறது? ஆள் இல்லாததால் பழுதாகிறது. ஒரு ஓடு விலகினால் குடியிருப்பவன் அன்று மாலையே ஏறிச் சரிசெய்வான். ஆளில்லாத வீட்டில் அந்த ஓட்டினூடாக ஒரு மாரி முழுவதும் தண்ணீர் இறங்கும். வளை உக்கும், கறையான் ஏறும், சுவரில் ஆலங்கன்று முளைக்கும், வயர்களைக் கள்வன் உருவிக்கொண்டு போவான். ஐந்தாவது வருடத்தில் பொறியியலாளர் வந்து "பாவனைக்கு உதவாது" என்று எழுதுவார். பூட்டியவன்தான் பழுதாக்கியவன். அந்தப் பழுதைக் காட்டியே தொடர்ந்து பூட்டி வைப்பதற்கு நியாயம் தேடுவது கொடுமையான தந்திரம்.

"சட்டம் இடம் தராது" என்பது இன்னொரு சாட்டு. 2004 டிசம்பர் 26 இரவு எந்தச் சட்டம் இடம் தந்தது? ஒரே இரவில் பாடசாலை வகுப்பறைகள் வீடுகளாகின, பள்ளிவாசல்களும் கோயில்களும் விகாரைகளும் வீடுகளாகின. எவரும் வர்த்தமானியைப் புரட்டவில்லை. தேவை கண்ணெதிரே நின்றபோது கட்டிடத்தின் பெயர்ப்பலகை முக்கியமற்றுப் போனது. அந்த மனநிலை சில மாதங்களில் எங்கே போய் ஒளிந்தது என்பதுதான் கேள்வி.

உண்மையில் சட்டம் இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. 1973 இன் 1 ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தை இன்றைய இளைஞர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வந்தது. ஒரு குடும்பம் தங்கியிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் அளவு வீடுகளையே அன்று வைத்திருக்க முடிந்தது. மேலதிகமானவை தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் போயின, வாடகைக் குடியிருப்பாளர் அவற்றை வாங்கிக்கொள்ள முடிந்தது. அச்சட்டம் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. வாடகைக்கு வீடு கட்டும் ஆர்வத்தை அது கெடுத்தது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. 1977 இன் பின் வீசிய காற்று அதன் பல்லையும் பிடுங்கிவிட்டது. ஆயினும் வீடு என்பது வெறும் முதலீடல்ல, ஒருவன் குவித்து வைக்கும் வீட்டில் இன்னொருவனுக்கும் நியாயம் உண்டு என்று இந்நாட்டின் சட்டமன்றம் ஒருமுறை சொல்லியிருக்கிறது. அரசியலமைப்பின் 27 ஆவது உறுப்புரை போதிய உணவு, உடை, வீடு ஆகியவற்றைப் பிரஜைகளுக்கு உறுதிசெய்வது அரசின் இலக்கு என்கிறது. 29 ஆவது உறுப்புரை அதை எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது என்கிறது. ஒரு கையால் எழுதி மறு கையால் அழித்த வாக்குறுதி அது.

தனியார் வீடுகளைப் பற்றிப் பேசினால் எமது வாசகர் சிலருக்கும் சுடும். சுடட்டும். எனது தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் நடந்து பாருங்கள். கட்டாரிலும் சவூதியிலும் உழைத்த காசில் எழுந்த மாடிவீடுகள் சில, வெள்ளை பூசி மாபிள் பதித்துப் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர் வெளிநாட்டில், அல்லது கொழும்பில். இன்னும் சில, ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளையின் கலியாணத்துக்கென்று இப்போதே கட்டிப் பூட்டியவை. அந்தத் தகப்பன் இரவுபகலாக உழைத்தவன், அவனைப் பழிக்க எனக்கு மனமில்லை. பெண்ணின் பெயரில் வீடு இருப்பது எமது பிரதேசப் பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பு என்பதையும் அறிவேன். ஆனால் பதினைந்து வருடம் பூட்டி வைக்கும் வீட்டின் அடுத்த வளவில் ஒரு குடும்பம் ஒழுகும் கூரையின் கீழ் இருப்பதை எந்த மார்க்கமும் எந்த மனச்சாட்சியும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பறித்தெடுக்கச் சொல்லவில்லை. "குடியிருக்கக் கொடுத்தால் எழும்ப மாட்டான்" என்ற பயத்துக்கும் காரணம் உண்டு, வாடகைச் சட்டத்தில் வழக்காடிச் சலித்தவர்கள் எமக்குள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டியது பொது நிறுவனம். இங்கிலாந்தில் 2004 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. நெடுங்காலம் வெறுமையாகக் கிடக்கும் வீட்டின் முகாமையை உள்ளூராட்சி சபை பொறுப்பேற்கலாம். திருத்தி வாடகைக்கு விட்டு, செலவைக் கழித்து மீதியை உரிமையாளருக்குக் கொடுக்கலாம். உறுதி உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அங்கேயும் சபைகள் இந்த அதிகாரத்தை அரிதாகவே பாவித்தன என்பது வேறு கதை. எமது பிரதேச சபைகள் இத்தகைய உத்தரவாதம் ஒன்றைத் தந்தால் எத்தனை பூட்டுகள் தாமாகவே திறக்கும்!

கட்டிடத்தை மாற்றி வீடாக்குவது சாத்தியமா என்று கேட்பவர்கள் பின்லாந்தைப் பார்க்கலாம். ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆமி நடத்திய விடுதியொன்றில் இருநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள் இருந்தன. மாலையில் போய் வரிசையில் நின்று இரவைக் கழித்துக் காலையில் வெளியேறும் இடம். அதே கட்டிடம் உடைத்துத் திருத்தப்பட்டு எண்பதளவு தனி வீடுகளாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு சமையலிடம், ஒரு வாடகை ஒப்பந்தம். குடியை விடு, வேலை தேடு, திருந்திய பின் வீடு தருகிறோம் என்ற பழைய உபதேசத்தை 2008 அளவில் அந்த நாடு தலைகீழாக்கியது. முதலில் வீடு, மற்றவை பிறகு. 1980 களின் பிற்பகுதியில் 18,000 அளவில் இருந்த வீடில்லாதோர் தொகை 2023 இல் 3,500 இலும் குறைந்தது. 2024 இல் அரசாங்கம் சமூகச் செலவைச் சுருக்கிய காலத்தில் அது மீண்டும் சற்று ஏறியது. வீடு கொடுத்தால் வீடின்மை குறைகிறது, நிறுத்தினால் கூடுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஆய்வரங்கு தேவையில்லை.

ஆனால் திறந்தால் போதும், எப்படியும் அடைத்து வைக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2013 இல் இங்கிலாந்து அலுவலகக் கட்டிடங்களை முழுமையான திட்ட அனுமதி இன்றியே குடியிருப்பாக்கலாம் என்றது. ஹார்லோ நகரின் டேர்மினஸ் ஹவுஸ் என்ற 14 மாடி அலுவலகக் கட்டிடம் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றறை வீடுகளாயிற்று. லண்டன் சபைகள் தம் வீடில்லாக் குடும்பங்களை அங்கே அனுப்பின. தாயும் பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்து, சமைத்து, பாடம் படித்தார்கள். குறைந்தபட்ச அளவு கட்டாயம் என்ற விதி 2021 இல்தான் வந்தது. இலாபம் கட்டிடக்காரருக்குப் போயிற்று, நெருக்கம் ஏழைக்கு மிஞ்சியது. அப்படிப்பட்ட சமூக வீடமைப்பு எமக்கு வேண்டாம்.

அரசு முறையாகத் திறக்காத இடத்தில் வீடில்லாதவன் தானே திறந்துகொள்வான். அதன் முடிவை ஜொஹன்னஸ்பர்க்கில் கண்டோம். நகர சபைக்குச் சொந்தமான ஐந்து மாடிக் கட்டிடமொன்று, இனஒதுக்கல் காலத்தில் கறுப்பின மக்களுக்கு நடமாட்டப் பத்திரம் வழங்கிய அலுவலகம். பின்னர் பெண்களுக்கான காப்பகமாகி, இறுதியில் கவனிப்பாரற்றுப் போனது. ஏழைகளும் அயல்நாட்டுக் கூலிகளும் அட்டையாலும் பலகையாலும் அறை பிரித்து அங்கே வாழ்ந்தார்கள். 2023 ஓகஸ்ட் 31 அதிகாலை மூண்ட தீயில் 76 பேர் மாண்டார்கள். கட்டிடம் இருந்தது, மக்கள் இருந்தார்கள், பொறுப்பேற்க ஒரு சபை இல்லை.

கொழும்பைச் சொல்லாமல் விட முடியாது. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதிலிருந்து தலைநகரின் ஏழைகள், அவர்களில் கணிசமானோர் தமிழ் பேசும் மக்கள், நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டுத் தொடர்மாடிகளுக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நகரத்தில் டொலருக்கு விற்கும் மாளிகைகள் எழுந்தன. இரவில் அவற்றின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள், எத்தனை சாளரங்களில் விளக்கெரிகிறது என்று. காசை வைக்கும் பெட்டகமாகக் கட்டிய வீட்டில் விளக்கெரிய வேண்டிய அவசியமில்லை. இடித்த வீடுகளில் விளக்கு எரிந்தது.

ஆகவே எனது கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு பிரதேச செயலகமும் தனது எல்லைக்குள் வெறுமையாகக் கிடக்கும் அரச கட்டிடங்களின் பட்டியலை வருடாவருடம் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். பொதுப்பணத்தில் அல்லது நன்கொடையில் கட்டிய வீடு முடிந்து ஒரு வருடத்துக்குள் குடியேற்றப்பட வேண்டும். வழக்கு இருந்தால் தற்காலிகப் பாவனை அனுமதி கட்டாயமாக வேண்டும். மூடிய நெற்களஞ்சியமோ பழைய கந்தோரோ வீடாக மாறும்போது காற்று, வெளிச்சம், தண்ணீர், மலசலகூடம், தீப்பாதுகாப்பு ஆகியவற்றில் விட்டுக்கொடுப்பு கூடாது. தெரிவு தேவையின் அடிப்படையில் நடக்க வேண்டும், தெரிவுப் பட்டியலை ஊர் பார்க்க வேண்டும். அமைச்சரின் கடிதத்தோடு வருபவன் பின்னால் நிற்க வேண்டும்.

இனி எமது எழுத்தாளர்களுக்கு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் புத்தளத்துக் கிடுகுக் குடிசைகளில் கழித்த காலத்தை எமது கதைஞர்கள் எழுதியதால்தான் அது இன்று மறுக்க முடியாத சாட்சியமாக நிற்கிறது. அகதியை எழுதிய கைக்கு, வீடு கட்டியும் அகதியாகவே வைக்கப்பட்டவனை எழுத முடியாதா? காட்டுக்குள் நின்ற அந்தப் பாடசாலையில் ஒரு பிள்ளைகூட அகரம் எழுதவில்லை. அந்தப் பள்ளிவாசலில் ஐவேளை பாங்கு ஒலிக்கவில்லை. இதைவிட எழுதத்தக்க விடயம் எது என்று எனது மதிப்புக்குரிய கவிஞர் சொல்லட்டும்.

இச்சஞ்சிகையின் வாசகர்கள் தத்தம் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டிடத்தைப் பற்றி, அது யார் காசில் எழுந்தது, எத்தனை வருடம் பூட்டியிருக்கிறது, அதன் வேலிக்கப்பால் யார் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று எழுதி அனுப்பலாம். ஆசிரியர் பக்கம் ஒதுக்குவார் என்று நம்புகிறேன். எனது வாதங்களில் பிழை காண்போரும் எழுதட்டும், பதில் சொல்லக் காத்திருக்கிறேன். "இது இலக்கியமா?" என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து மறுபடியும் அனுப்ப வேண்டாம்.